இல்யா கிழவரின் பெஞ்சு

கொக்கு ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் உடைந்த கார் ஒன்றும் வாயை அடக்கத் தெரிந்த மனைவி ஒருத்தியும் இருந்துவிட்டால் போதும், முதல் பனி விழுவதற்குள் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு பனிவிமானம் முளைத்துவிடும். விமானம் என்று பெயரே தவிர அது பறக்காது. பறக்கக் கூடாது என்றுதான் செய்வார்கள். சில சமயம் சொன்ன பேச்சைக் கேட்காது. தகரமும் கான்வாஸும் போர்த்திய ஒரு கூண்டு, அடியில் மூன்று சறுக்குக்கட்டைகள், முதுகில் கார் இன்ஜின், அதற்கும் பின்னால் ஆள் நீளத்துக்கு ஒரு மரவிசிறி. விசிறி காற்றைப் பின்னால் தள்ளும், வண்டி முன்னால் பாயும். பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்துவிட்டு ஜெபம் செய்ய வேண்டும். அக்கரையில் லிண்டல் ஊர்க்காரர்கள் கோயிலைக் கரையோரமாகக் கட்டியதற்கு அதுதான் காரணம் என்பார்கள்.

ஸ்டெஃபானின் வண்டி கிளப்பிய காற்றில் அவன் வீட்டுக் கோழிகள் இறகெல்லாம் இழந்து, அந்தக் குளிர்காலம் முழுக்கக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு முட்டையிட்டன. பெத்ரோ போன வேகத்தில் அவனுடைய நிழல் நடு ஏரியில் பின்தங்கிப் பனியில் ஒட்டிக்கொண்டது. ஏப்ரலில் பனி உருகிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது. வந்தபோது நனைந்திருந்தது. இதையெல்லாம் ஊரே நம்பியது. தானாஸ்கோவின் வண்டிக்கு நடந்ததைத்தான் யாரும் நம்பவில்லை.

தானாஸ்கோவும் வேகத்துக்காகத்தான் வண்டி கட்டுவதாக வெளியே சொல்லிக்கொண்டான். உண்மை வேறு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு அவன் மனைவி டோம்காவுக்கு முதல் பிரசவம். ஆஸ்பத்திரி அக்கரையில் லிண்டலில். வெளியே புயல். தானாஸ்கோ குதிரைகளைப் பூட்டக் கிளம்பியபோது அவன் அப்பா இல்யா தன்னுடைய பெஞ்சை இழுத்து வாசற்கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.

“ஏரி வாய் தெறந்திருக்கு. இன்னிக்குப் போகக் கூடாது” என்றார்.

பிறகு எழுந்திருக்கவே இல்லை. விடிந்தபோது டோம்கா பிழைத்திருந்தாள். குழந்தை இல்லை. ஏரி உண்மையிலேயே வாய் திறந்திருந்ததா என்று போய்ப் பார்த்தவர் யாருமில்லை. புதுப்பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அப்புறம் அப்பாவும் மகனும் சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதற்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அப்பா இறந்தார். வசந்தம் வந்ததும் டோம்கா மறுபடி உண்டானாள். பிள்ளை பிறக்க வேண்டியது ஜனவரிக் கடைசியில். அதற்குள் வண்டி ஓட வேண்டும். இந்தத் தடவை யாரும் குறுக்கே உட்காரக் கூடாது.

எல்லாம் வாய்த்தது, விசிறிதான் வாய்க்கவில்லை. பாப்லர் மரத்தில் செதுக்கியது வெந்த கோஸ் இலை மாதிரித் தொய்ந்தது. பிர்ச் மரத்தில் செதுக்கியது கடுங்குளிரில் வெடித்து, ஒரு பாதி பக்கத்துப் பண்ணையில் டோம்காவின் அண்ணன் மெத்ரோவின் வைக்கோல் போரில் செருகி நின்றது. மறுபாதியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

“அடுத்ததை வெண்ணெய்ல செஞ்சு பாரு மாப்ளே” என்றான் மெத்ரோ, வைக்கோலிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டே. “உடைஞ்சா ரொட்டில தடவிக்கலாம்.”

“ஓக் வேணும் மச்சான். காஞ்ச ஓக்.”

“ஓக்குக்கு எங்க போவ? இந்தச் சமவெளில ஓக்குன்னு ஒண்ணு உண்டா?”

ஒன்று உண்டு. அதுதான் அப்பாவின் பெஞ்சு.

இல்யா ஒருமுறை உட்கார்ந்தால் யாருக்காகவும் எழுந்திருக்காத மனிதர். ஆயர் வந்தபோது எழுந்திருக்கவில்லை. கொட்டகை தீப்பிடித்தபோது சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். பிறந்த மண்ணான புக்கோவினாவை விட்டுக் கனடாவுக்குக் கிளம்பியது ஒன்றுதான் அவர் ஆயுளில் இடம் மாறிய சந்தர்ப்பம்; அப்போதும் பெஞ்சைக் கூடவே எடுத்துக்கொண்டார். அலை அடித்தபோது கப்பலில் எல்லாரும் உருண்டார்கள், அவர் மட்டும் அதன் இடது முனையில் உட்கார்ந்தபடியே கடலைக் கடந்தார். நாலு விரல் கனம், ஆள் நீளம், இரும்பு போன்ற ஓக். இறந்தபோது அவரைக் கிடத்தியதும் அதன்மேல்தான். தரை உறைந்து கிடந்ததால் குழி வெட்டத் தாமதமாயிற்று. குளிர்ந்த முன்னறையில் அந்தப் பெஞ்சிலேயே அவர் காத்திருந்தார். பொறுமையாகத்தான் காத்திருந்தார், அவருக்கு அது பழக்கம்.

விதவையாகி அந்த வீட்டோடு வந்துவிட்ட அக்கா பரஸ்கா, அறுவடை முடிந்து தன் மகளைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில் தானாஸ்கோ பெஞ்சின் கால்களைக் கழற்றினான். டோம்கா வந்து பார்த்தாள். தரையிலிருந்து ஒரு சுருள் சிராயை எடுத்து முகர்ந்தாள்.

“உன் அக்கா கேட்டா, அன்னிக்கு நான் இந்த வீட்டுலயே இல்லன்னு சொல்லிடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெஞ்சு இருந்த இடத்தில் பாப்லர் பலகையில் இன்னொன்றைச் செய்து, அதே பழுப்புச் சாயத்தைப் பூசி, அதே விரிப்பைப் போட்டுவைத்தான். பரஸ்கா ஊரிலிருந்து வந்தாள், கோட்டைக் கழற்றினாள், உட்கார்ந்தாள். உடனே எழுந்துகொண்டாள்.

“இது அப்பா பெஞ்சு இல்ல.”

“பாத்தா அப்படியே இல்லையா?”

“பாக்கறதுக்கு நீயுந்தான் அப்பா மாதிரி இருக்க. புனித மாலைக்கு அவர் வந்து எங்கடா உக்காருவார்?”

ஜனவரி ஆறாம் தேதி, பழைய நாட்காட்டிக் கிறிஸ்துமஸுக்கு முந்தின புனித மாலையில், முதல் நட்சத்திரம் தெரிந்ததும் அந்தந்த வீட்டுச் செத்தவர்கள் அந்தந்த வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். ஆகையால் அன்று பெஞ்சிலோ நாற்காலியிலோ உட்காருமுன் வாயால் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஊதினால் அங்கே இருப்பவர் நகர்ந்து இடம் விடுவார். ஊதாமல் உட்கார்ந்தால் அவர்மேல் உட்கார்ந்ததாகிவிடும். கொக்கு ஏரியில் பேச்சு வராத பிள்ளைகூட ஊதும். தானாஸ்கோவும் ஊதி வளர்ந்தவன்தான்.

“புதுசுல உக்காரட்டும்” என்றான்.

“ஆயர் வந்தப்பவே நகராதவர், செத்தப்புறம் நகருவாரா? அவரோட எடத்தக் கொண்டுபோய்க் கொட்டகைல வெச்சிருக்க. அவர் அங்கதான் போவார்.”

“போகட்டும். வண்டிக்குக் காவலாச்சு.”

“சிரி. நல்லா சிரி” என்றாள் பரஸ்கா. அதன்பிறகு அந்தப் பாப்லர் பெஞ்சில் அவள் உட்காரவே இல்லை. நின்றபடியே சாப்பிட்டாள்.

விசிறி அருமையாக வாய்த்தது. டிசம்பர் முழுக்கத் தானாஸ்கோ ஏரியை அறுத்துக்கொண்டு பறந்தான். தபால் மூட்டை கொண்டுவந்தான், ஒருதடவை பாதிரியாரையே கொண்டுவந்தான். பாதிரியார் இறங்கும்போது புதிதாக இரண்டு ஜெபங்கள் இயற்றியிருந்தார்.

இரண்டு மூன்று விஷயங்கள்தான் அவனுக்குச் சரியாகப் படவில்லை. மற்றவர்களின் விசிறிகள் இன்ஜினை அணைத்ததும் எப்படியோ கோணலாக நிற்கும். இவனுடையது ஒவ்வொரு முறையும் தரைக்குச் சமமாக, கிடைமட்டமாக நின்றது. இன்ஜினில் காற்று அழுத்தம் அப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையில் கொட்டகைக்குப் போனால் விசிறி முழுக்க உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். இடது இறக்கையில் மட்டும், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, மரம் காய்ந்து கிடக்கும். கையை வைத்தால் குளிராது. அவன் இரண்டாம் முறை கையை வைத்துப் பார்க்கவில்லை. வண்டியின் புகைபோக்கியிலிருந்து சில நாள் பெட்ரோல் வாடை வராமல் புகையிலை வாடை வந்தது. அந்த வீட்டில் அப்பாவுக்கு அப்புறம் யாரும் புகைப்பதில்லை.

புனித மாலை வந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது; எச்சில் தரையில் விழுமுன் உறையும் குளிர். மேசைக்கடியில் வைக்கோல் பரப்பி, மேலே பன்னிரண்டு பதார்த்தங்களை அடுக்கி, ஜன்னலில் மெழுகுவர்த்தி வைத்தாயிற்று. மெத்ரோ தனிக்கட்டை, ஆகையால் அங்கேதான் சாப்பாடு. தானாஸ்கோ வழக்கம்போல இன்ஜின் எண்ணெயை வடித்து, உறையாமலிருக்க அடுப்போரம் வைத்திருந்தான். பக்கத்தில் குத்யா சட்டி: தேனும் கசகசாவும் போட்டு வேகவைத்த கோதுமை.

“ரெண்டு சட்டிக்கும் அடையாளம் போட்டு வைங்கக்கா” என்றான் மெத்ரோ. “போன வருஷம் ஸ்டெஃபான் வீட்டு இன்ஜின் தேன்ல ஓடுச்சு. அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்காதீங்க.”

டோம்கா சிரிக்கவில்லை. மத்தியானத்திலிருந்தே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டதற்கு, “மாவு பெசஞ்சது, வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் வீட்டுத் தலைவன் குத்யாக் கிண்ணத்தோடு வாசலில் நின்று உறைபனியை விருந்துக்குக் கூப்பிட வேண்டும். மூன்று முறை கூப்பிட வேண்டும், மூன்று முறையும் பதில் வரக்கூடாது. வரவில்லையென்றால், ‘இப்ப வரல இல்ல, பயிர் வெளையும்போதும் வராதே’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். போன வருஷம்வரை அப்பா கூப்பிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிடுவார். இந்த வருஷம் தானாஸ்கோ வெளியே போய் நின்றான்.

“பனியே, பனியே, வா, குத்யா சாப்பிடு.”

ஒன்றுமில்லை.

“பனியே, பனியே, வா.”

ஒன்றுமில்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டான். கொட்டகைக்குள்ளிருந்து மரம் முனகும் சத்தம் கேட்டது. பழைய பெஞ்சில் கனத்த ஆள் உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம். அதை அவன் முப்பது வருஷம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கேட்டவன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். “தகரம் சுருங்குது” என்றான், யாரும் கேட்காமலே.

யாரும் அதைக் கவனிக்கவுமில்லை. டோம்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். பரஸ்கா அவளை உள்ளே கூட்டிப்போனாள். வெளியே வந்தபோது அவள் முகம் சுவராய் வெளுத்திருந்தது.

“பிள்ளைக்கு அவசரம். தலை கீழ வரல, கால் வருது. என்னால முடியாது தம்பி. வண்டிய எடு.”

தானாஸ்கோ எண்ணெய்ச் சட்டியோடு ஓடினான். சூடான எண்ணெயை ஊற்றினான், கார்புரேட்டரைச் சூடேற்ற அடியில் ஊதுவிளக்கைக் காட்டினான், கொட்டகைக் கதவைத் திறந்துவைத்தான். சறுக்குக்கட்டைகள் தரையோடு உறைந்துவிடாமல் கழிகள்மேல்தான் நின்றன. எல்லாம் ஒழுங்காயிருந்தது. விசிறியின் இறக்கையைப் பிடித்துச் சுண்டி இழுத்தான்.

அது சுற்றவில்லை.

இறுகிப்போன இன்ஜின் கல் மாதிரி நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. கொஞ்சம் இடம் கொடுத்தது, பிறகு மெல்லத் திரும்பி வந்து தன் கிடைமட்டத்திலேயே அமர்ந்தது. தூங்குகிறவரை உலுக்கினால் சற்றே அசைந்து மறுபடி வசதிபண்ணிக்கொள்வாரே, அப்படி. மெத்ரோவும் வந்து பிடித்தான். இரண்டு காளை மாடு மாதிரி ஆட்கள் தொங்கிப் பார்த்தார்கள். மரம் முனகியது, அவ்வளவுதான்.

“மாப்ளே” என்றான் மெத்ரோ, குரலைத் தாழ்த்தி. “இந்த வாசனை உனக்கும் வருதா?”

புகையிலை வாசனை. இன்ஜின் இன்னும் ஓடவே இல்லை.

வாசலில் பரஸ்கா வந்து நின்றாள். கம்பளியில் சுற்றிய டோம்காவைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“ஊதுனியா?”

“இன்ஜின ஊதி யாராவது கெளப்புவாங்களா அக்கா?”

“இன்ஜின ஊதச் சொல்லல.”

டோம்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். “ஊதித் தொலையேன். ஊதுனா உன் மீசையா கொட்டிடும்?”

தானாஸ்கோ குனிந்தான். சின்ன வயதில் மேசைக்கு எட்டாத காலத்தில் ஊதிய மாதிரியே, கன்னத்தை உப்பிக்கொண்டு, இடது இறக்கைமேல் ஊதினான். மூச்சு வெள்ளையாகப் போயிற்று. மரத்தின்மேல் நேராகப் போகவில்லை. ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது முனை தானாக மேலே எழும்பியது. ஒரு பக்கத்தில் இருந்தவர் எழுந்துகொண்டால் பாரம் குறைந்து பலகை எழும்புமே, அதே அளவு.

தானாஸ்கோ இழுத்தான். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மெத்ரோ சிலுவை போட்டுக்கொண்டான். “நான் இங்கயே இருக்கேன் மாப்ளே. பந்தி போட்ட மேசைய அநாதையா விடக்கூடாது பாரு. என் தங்கச்சியப் பத்திரமாக் கொண்டுபோ.”

கூண்டுக்குள் பரஸ்கா ஒவ்வொரு இருக்கையையும் ஊதினாள். டோம்காவைப் படுக்கவைக்கும் பலகையை இருமுறை ஊதினாள். பின்பக்கம் ஓரமாக ஒரு சின்ன இடம் காலியாயிருந்தது. அதை ஊதவில்லை.

“அங்க யாரும் உக்காரப் போறதில்ல” என்றாள். “அவர் உக்காந்துக்கட்டும்.”

வண்டி ஏரியில் இறங்கியது. மூன்று பேரை ஏற்றிய வண்டி எப்படி ஓடும் என்று தானாஸ்கோவுக்குத் தெரியும். இது அப்படி ஓடவில்லை. பின்பக்கம் தாழ்ந்து, முக்கிக்கொண்டு ஓடியது. ஏரிப்பாதையைக் காட்டுவதற்கு ஊர்க்காரர்கள் வரிசையாக நட்டிருந்த ஸ்ப்ரூஸ் கன்றுகள் ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. நடு ஏரியில் காற்று தரைப்பனியைக் கிளப்பிவிட்டது. கன்றுகள் மறைந்தன. முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை. டோம்காவின் வலி நெருங்கிவிட்டது; அவள் குரல் இன்ஜின் சத்தத்தைத் தாண்டி வந்தது. தானாஸ்கோ வேகத்தைக் கூட்டினான்.

இன்ஜின் நின்றது.

இருமவில்லை, திணறவில்லை. பேசிக்கொண்டிருந்தவன் வாயை யாரோ பொத்தின மாதிரி நின்றது. சத்தமில்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டே போயிற்று. கட்டைகள் பனியில் சீறும் ஒலி மட்டும் கேட்டது. அதுவும் தேய்ந்து, நின்றது. அடியில் எங்கோ ஆழத்தில் ஏரி நீளமாக ஒரு முறை முனகியது.

“மாமா உக்காந்துட்டாரா?” என்று கேட்டாள் டோம்கா. அடுப்பு அணைந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

தானாஸ்கோ இறங்கிப் பின்னால் போனான். விசிறி ஏரிக்குச் சமமாகக் கிடைமட்டமாக நின்றது. பரஸ்காவும் லாந்தரை எடுத்துக்கொண்டு இறங்கி, கன்றுகளைத் தேடி முன்னால் நடந்தாள். அவன் ஊதினான். எழும்பவில்லை. மறுபடி ஊதினான். மூச்சு பிரிந்து பிரிந்து போயிற்று.

இரண்டு வருஷமாக உப்புக்கு மட்டும் திறந்த வாய் அப்போது திறந்துகொண்டது.

“திரும்பவும் குறுக்க உக்காந்துட்டீங்களா? அன்னிக்கும் இதேதான. அவ உள்ள கத்திக்கிட்டிருந்தா, நீங்க கதவுல உக்காந்திருந்தீங்க. ஒண்ணு போச்சு. இப்ப ரெண்டையும் எடுத்துக்கிட்டுத்தான் எழுந்திருப்பீங்களா?”

விசிறி அசையவில்லை. உறைந்த கட்டைகளைத் தட்டி விடுவிக்க வண்டியில் எப்போதும் ஒரு கோடரி இருக்கும். தானாஸ்கோ அதை எடுத்தான். விசிறியை வெட்டினால் வண்டி அங்கேயே கிடக்கும், உள்ளே இருப்பவர்களும் கிடப்பார்கள் என்பது கோடரியை ஓங்கியவனுக்குத் தெரியவில்லை.

“தம்பி.” முன்பக்கமிருந்து பரஸ்காவின் குரல். உரக்கக்கூட இல்லை. “கோடரியக் கீழ போடு. இங்க வா. மெதுவா வா. காலத் தேய்ச்சுக்கிட்டே வா.”

வண்டியின் முன்கட்டைக்கு முன்னால் ஒரு முழம் பனிக்கட்டி இருந்தது. அதற்கப்பால் இல்லை. கருப்பாகத் தண்ணீர் இருந்தது, ஒரு தெருவின் அகலத்துக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாந்தர் வெளிச்சம் எட்டுகிற வரைக்கும். அதன்மேல் வெண்ணிற ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மாடு மூச்சு விடுகிற மாதிரி ஏரி மூச்சு விட்டது.

தானாஸ்கோ திரும்பி வந்தான். இடது இறக்கைக்கு எதிரில் நின்று தொப்பியைக் கழற்றினான். அந்தக் குளிரில் காது உதிர்ந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

“பாத்தேம்பா” என்றான். “நீங்க சொன்னதப் பாத்தேன். உங்க எடத்த நான் எடுத்திருக்கக் கூடாது. வீட்டுக்கே கொண்டுவந்து வைக்கறேன். அடுப்புப் பக்கம். வாக்கு. இப்ப இவளக் கொண்டுபோகணும். எந்தப் பக்கம் போகட்டும்?”

ஊதினான்.

கிழவர் அவசரப்படவில்லை. அவர் எதற்கும் அவசரப்பட்டவரில்லை. உள்ளே டோம்கா மூச்சை எண்ணுவதுபோல விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மரம் முனகியது. இடது முனை எழும்பியது, முன்பு போலக் கொஞ்சம் எழும்பி நிற்கவில்லை. மெல்ல மெல்ல உயர்ந்து, வடக்கே சாய்வாக வானத்தைக் காட்டி நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி வழி சொல்வது அவர் வழக்கம்.

தோள் கொடுத்துத் தள்ளி இருவரும் வண்டியை வடக்கே திருப்பினார்கள். இன்ஜின் பிடித்தது. கருந்தண்ணீரின் ஓரமாகவே போய், அது ஒரு நூலாகச் சுருங்கி முடிகிற இடத்தில் கடந்தார்கள். லிண்டல் விளக்குகள் தெரிந்தன. கோயில் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நிறுத்தியது தானாஸ்கோ அல்ல.

ஆஸ்பத்திரி நர்ஸ் கதவைத் திறந்து டோம்காவை வாங்கிக்கொண்டாள். அக்காவும் தம்பியும் நடைபாதையில் நின்றார்கள். இரண்டு நாற்காலிகள் இருந்தன. இருவருக்கும் உட்காரத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து, கால் முன்னே வந்து, ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது வெளியே வந்தது.

“தாத்தா மாதிரியே” என்றாள் டோம்கா, கண்ணைத் திறக்காமல். “புடிச்சு இழுத்தாலும் அசையல.”

மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள். மெத்ரோ பன்னிரண்டு பதார்த்தங்களையும் ஒற்றை ஆளாகத் தின்று முடித்துப் படுத்துக்கிடந்தான். ஆனால் அவன் பேச்செல்லாம் வேறொன்றைப் பற்றி.

“ஒவ்வொரு நாற்காலியா ஊதுனேன் மாப்ளே. எதுலயும் ஒருத்தரும் இல்ல. ஊதுறப்ப தெரியுமில்ல, இருக்காங்களா இல்லையான்னு. வீடு காலி. ஜன்னல் மெழுகுவர்த்தி மட்டும் ஏரிப் பக்கமா சாஞ்சு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, காத்தே இல்ல.” அவன் கொஞ்சம் யோசித்தான். “அன்னிக்கு நம்ம செத்தவங்க ஒருத்தர் விடாம உங்ககூட ஏரிக்குப் போயிட்டாங்கன்னு நெனைக்கறேன். அதான் வண்டி கனமா ஓடிருக்கு.”

தானாஸ்கோ அன்றைக்கே விசிறியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அடுப்பருகே சுவரோரமாக இரண்டு கட்டைகள்மேல் கிடத்தினான். முறுக்கிச் செதுக்கிய மரமாயிற்றே, உயிரோடிருக்கும் ஒருவரும் அதில் உட்கார முடியாது. வழுக்கித் தரையில் விழுவார்கள். பிற்காலத்தில் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து, அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லித் தூக்கிப் பார்த்தார். ஜூலை மாதம். மூன்று ஆட்கள் தூக்கியும் இடது முனை எழும்பவில்லை. வலது முனையை மட்டும் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

முதல் பிரசவத்தன்று ஏரி வாய் திறந்திருந்ததா என்று தானாஸ்கோ அதற்கப்புறம் அடிக்கடி நினைத்துக்கொள்வான். கேட்க வேண்டியவரிடமே கேட்டுவிடலாம் என்று சில நாள் அந்த மரத்தின் முன்னால் போய் நிற்பான். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். திரும்பிவிடுவான்.

அடுத்த புனித மாலை. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்தது. தானாஸ்கோ குத்யாக் கிண்ணத்தோடு வாசலில் நின்று உறைபனியை மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் பதில் இல்லை. கொட்டகை சத்தமில்லாமல் இருந்தது. ஏரியும் அப்படியே.

உள்ளே போகவிருந்தவன், தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை கூப்பிட்டான்.

“அப்பா, வாங்க. குத்யா ஆறுது.”

அவன் இருட்டைப் பார்த்து நின்றான். முனகல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, வீட்டுக்குள்ளிருந்து, அடுப்புப் பக்கமிருந்து.

“கதவச் சாத்திட்டு வாடா” என்றாள் பரஸ்கா உள்ளே. “அவர் எப்பவோ உக்காந்தாச்சு. குளிர் காத்து முதுகுல அடிக்குதாம்.”

தானாஸ்கோ கதவைச் சாத்தினான். மேசைக்கு வந்து தன் நாற்காலியை ஊதினான். டோம்காவின் மடியிலிருந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, அடுப்புப் பக்கம் திரும்பி ஊதப் பார்த்தது. டோம்கா அதன் வாயை மெல்லப் பொத்தினாள்.

“அங்க வேணாம்டி” என்றாள். “தாத்தா சாப்பிட்டு முடிக்கட்டும்.”